பதினொன்றுக்குப் பக்கத்து எண்

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் சங்கம் புதுப் படத்துக்கு ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தது. எல்லாம் எட்டாம் வரிசை. இயற்பியல் எடுக்கும் ருவான் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டுமே என் ஆசை. ஆசிரியர் அறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"உங்க சீட் நம்பர் என்ன டீச்சர்?"

அறையே தேநீர் உறிஞ்சுவதை நிறுத்தியது. விடைத்தாளிலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

"என் நம்பரோட ரெண்டு பக்கத்து சீட் நம்பரையும் கூட்டினா முப்பத்து மூணு. கணக்கு வாத்தியார்தானே, கண்டுபிடிங்க ஷென் சார்."

மூன்றால் வகுத்தேன். நடுவில் பதினொன்று, அப்படியானால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. என் கையிலோ பதின்மூன்று! ஒரு எண்ணில் தவறிப்போன வாழ்க்கை. உடற்பயிற்சி ஆசிரியர் குவோவிடம் பன்னிரண்டு இருந்தது.

"அண்ணே, டிக்கெட்டை மாத்திக்கலாமா?"

"உன் டப்பாவுல இருக்கிற உப்பு வாத்துமுட்டை ரெண்டையும் எடு."

கொடுத்தேன். மதியம் வெறும் சோறு, அதுவும் இனித்தது.

தியேட்டர் வாசலில்தான் தலையில் இடி. ஒற்றைப்படை எண் டிக்கெட்டுக்கு ஒரு கதவு, இரட்டைப்படைக்கு இன்னொன்று. வரிசையின் நடுவிலிருந்து இருக்கைகள் ஒன்று, மூன்று, ஐந்தென்று ஒரு பக்கம் போகும். இரண்டு, நான்கு, ஆறென்று மறுபக்கம். பிறந்ததிலிருந்து இங்கே படம் பார்க்கிறவன் நான், அது ஞாபகத்துக்கே வரவில்லை. அன்று காலைதான் அடுத்தடுத்த ஒற்றை எண்களின் கூட்டலைக் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டிருந்தேன். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. அதுவும் முப்பத்து மூன்றுதான்.

எனக்கும் அவளுக்கும் நடுவே பத்துப் பேர். அவளுக்குப் பக்கத்தில், என் பதின்மூன்றில், மலைபோல குவோ.

விளக்கு அணையுமுன் ஒரு காகிதப் பொட்டலம் கைமாறிக் கைமாறி வந்தது. சூரியகாந்தி விதை. வழியில் ஆளுக்கொரு கை அள்ளியதில் எனக்கு நாலு விதை மிச்சம். காகிதத்தில் சிவப்பு மையில் எழுத்து:

"என் பக்கத்து எண்களின் பெருக்கல், 9 × 13 = 117. நீங்கள் போட்டது 10 × 12 = 120. மூன்று அதிகம். திருத்திக் கொண்டு வரவும்."

எத்தனை கால்களை மிதித்தேனோ, குவோ முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, மறுபடி மாத்திக்கலாம்ணே."

"முட்டை வயித்துக்குள்ள போயிடுச்சேடா தம்பி."

"நாளைக்கு நாலு தரேன்."

"ஆறு."

"சரி, ஆறு!"

"உக்காருங்கடா, மறைக்குது!" என்று பின்வரிசை கத்தியது. குவோ சிரித்துக்கொண்டே எழுந்தார். நான் உட்கார்ந்தேன்.

"காலையில உங்க சட்டைப்பையில பதிமூணு எட்டிப் பாத்துச்சு," என்றாள் ருவான், திரையைப் பார்த்தபடி. "அதைப் பாத்துட்டுத்தான் அந்தக் கணக்கையே சொன்னேன்."

"அப்போ நான் சும்மா இருந்திருந்தாலே..."

"எட்டு முட்டையும் மிச்சம்."

படத்தில் யாரோ யாரையோ துரத்தினார்கள். சட்டைப்பையிலிருந்து அந்த நாலு விதையை எடுத்து இரண்டை அவளிடம் நீட்டினேன். அவள் மூன்றை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் டிக்கெட்டை நானே வாங்கறேன்," என்றாள். "உங்களுக்குக் கணக்கு வராது."