எத்தனை குவளை குளோரின்

1

இந்தக் கதை ஒரு வெளுத்த நீச்சலுடையிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி கெனெயில்வே அதைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். போன மாதம் கருநீலம்; இப்போது வெளிறிய சாம்பல் நிறம். கேட்டேன், சொன்னாள். "எழுதிக்கோ. நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதே."

(அவள் அழவில்லை, வாசகரே.)

2

'நீல நீரின் மேல் காலை வெயில்...' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கதை நீரில் இல்லை. கொட்டகையில் இருக்கும் குளோரின் வாளியில் இருக்கிறது.

அவள் கணவர் மொடிசா, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். வீட்டு நீச்சல்குளத்துக்குத் தினமும் மாலை ஒரு குவளை குளோரின் அவர்தான் போடுவார். இந்தக் கோடையில் ஒருநாள் போட்டார், தேநீர் குடித்தார், திரும்பப் போய் இன்னொரு குவளை போட்டார். பிறகு அதுவே அடிக்கடி நடந்தது. காலையில் நீந்தி எழுந்தால் கெனெயில்வேக்குக் கண் சிவந்துபோகும். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே குளோரின் விடும் கருவி விற்பவரை வரவழைத்தாள்.

3

(விற்பனையாளரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை, ரூலோஃப் நல்ல மனிதர்.)

மூன்று வழி சொன்னார். மாத்திரை போட்டு மிதக்கவிடும் குப்பி. உப்பு கரைத்த நீரிலிருந்தே குளோரின் உண்டாக்கும் பெட்டி. நீரை அளந்து பார்த்துத் தேவையானால் மட்டும் சொட்டுச் சொட்டாக விடும் பம்பு.

"மெஷினு எதுக்கு? என் கை என்ன முறிஞ்சா போச்சு?" என்றார் மொடிசா.

"கை நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. என் கண்ணுதான் எரியுது."

"வெங்காயம் நறுக்கியிருப்பே."

"தண்ணிக்குள்ளயா?"

ரூலோஃப் இருமிக்கொண்டு குளத்தைப் பார்த்தார்.

4

இங்கே மாட்டிக்கொண்டேன். ஒரு முடிவில் மொடிசா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இன்னொன்றில் கெனெயில்வே எல்லாவற்றையும் போட்டு உடைக்க, அவர்... இல்லை. இரண்டும் என் சொந்தச் சரக்கு. நடந்தது வேறு.

மொடிசா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குப்பியில மாத்திரை யாரு போடுறது?"

"நீங்கதான் சார்."

"அது வேணாம். உப்புப்பெட்டிக்குக் குளோரின் போதும்னு தெரியுமா?"

"இந்த மாடலுக்குத் தெரியாது. ஓடுற வரைக்கும் குளோரின் பண்ணிக்கிட்டே இருக்கும்."

"சரி, மூணாவது. ஒரு ஆளு மறந்துபோயி ஒரு குவளை கொட்டிட்டா?"

"அளந்து பார்த்துட்டுச் சும்மா இருந்துடும் சார்."

"அதையே மாட்டிடுங்க." மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தெரியும் ம்மா. ரெண்டு வாரமாத் தெரியும். வாளியில அளவு வேகமாக் குறையுது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

கெனெயில்வே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காதோடு ஏதோ சொன்னாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

என்ன சொன்னாய் என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது உனக்கில்ல" என்கிறாள். ஆகவே அந்த ஒரு வரி என்னிடம் இல்லை. யாரோடாவது நெடுங்காலம் வாழ்ந்தவர் நீங்கள் என்றால், அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் எனக்குக் காட்ட வேண்டாம்.