யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

கார் கழுவும் கடையில் அவருக்குப் 'பளபளா' என்று பட்டப்பெயர். அவர் துடைத்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்த மிதப்பில்தான் புத்தி கெட்டது.

டிரைவரின் காலடியில் விரிக்கும் ரப்பர் மேட்டைத் தரையோடு பிடித்து வைப்பது இரண்டே இரண்டு பிளாஸ்டிக் கிளிப். மண்ணைப் பிரஷால் தட்டிவிட்டுக் கால் சுற்று திருகினால் சமர்த்தாகக் கழன்று வரும். அன்று அந்த வெள்ளைக் காரில் மண் இறுகிக் கிடந்தது. குனிந்து நோண்டச் சோம்பல். வெடுக்கென்று இழுத்தார். இரண்டும் முறிந்தன.

"யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழுவிய மேட்டைச் சும்மா விரித்து அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அதே காரை மூக்கு நசுங்கிய கோலத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே நெற்றியில் பிளாஸ்திரியோடு கார்க்கார அம்மா. பின்னால் டிரைவர்.

"கண்ணாடித் தூளெல்லாம் சுத்தம் பண்ணிடுங்க. இந்த ஆளு குடிச்சிட்டுச் செவுத்துல விட்டுட்டான். நாளையிலேருந்து வேற டிரைவர்."

"எம் பொண்ணு மேல சத்தியமா குடிக்கலைம்மா. பிரேக் கீழ எறங்கவே இல்ல."

"ஆமா, பிரேக்கு உங்கிட்ட மட்டும் கோவிச்சுக்கிச்சாக்கும்!"

டிரைவர் பளபளா பக்கம் திரும்பினார். "அண்ணே, பத்து வருசமா என்னைப் பாக்கறீங்க. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

பளபளா காருக்குள் தலையை விட்டார். மேட் முன்னால் நகர்ந்து, பிரேக்குக்கு அடியில் மடிந்து முட்டுக் கொடுத்திருந்தது. அவர் சொன்னபடியே யாரும் குனிந்து பார்த்திருக்கவில்லை. ஓர் இழுப்பு இழுத்தால் நேராகிவிடும், ஈ காக்காய்க்குத் தெரியாது. கை மேட்டைப் பிடித்தும்விட்டது.

வெளியே டிரைவர் தன் சட்டைக் காலரைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது வாடை அடிக்கிறதா என்று.

பளபளா மேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கிளிப்ப ஒடச்சது நான். மறச்சதும் நான்." துண்டுகளை நீட்டினார்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். மடிந்த மேட்டைக் கையால் இழுத்துப் பார்த்தார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவரைக் குடிகாரன்னு தெரு பூரா சொல்லிட்டேனே!"

சாவியை டிரைவரிடமே கொடுத்தார். டிரைவர் வாங்கிக்கொண்டார். ஆனால் பளபளாவை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"யாரும் பாக்காத எடத்துல ஒழுங்கா செய்யறதுதாம்மா வேலை," என்றார் பளபளா, தரையைப் பார்த்தபடி. "அத விட்டவன் செஞ்ச தப்புக்கு, ஒண்ணும் தெரியாதவன்தான் அடி வாங்குறான்."