நாலாவது ஆள் நெய்க்காரப்பட்டிக்குப் போகிறாள்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் பிறந்தது. "ராயப்பராஜ் சார், புதுக் கோர்ஸ் எப்படிப் போகுதுன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்றார் எங்கள் துறைத் தலைவர் ஜோஸ்பின் மேடம். உட்கார்ந்தேன். 'மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து வெப் அப்ளிகேஷன் உருவாக்கும் பாடம் இனிதே தொடங்கப்பட்டு' என்று வந்ததும் கை நின்றுவிட்டது. 'இனிதே' பொய். பொய்தான் எழுதப்போகிறோம் என்றால் முறையாகக் கதையே எழுதிவிடலாமே என்று தோன்றியது. ஆக, வாசகரே, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தும் ஒருவன், அறிக்கை எழுத வராததால் எழுதும் கதை இது.

2

முதல் தொடக்கம்: மலைக்கோட்டையின் மேல் மாலை வெயில் பொன்னாக—

(வேண்டாம். எங்கள் லேப் ஜன்னலைத் திறந்தால் தெரிவது சைக்கிள் ஸ்டாண்டு.)

இரண்டாவது தொடக்கம்: கௌசல்யா அழுதுகொண்டே ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தாள்.

இதுவும் வேண்டாம். அவள் அழவில்லை. உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று நான்தான் அழவைத்தேன். அந்த வாக்கியத்தை நீக்கியதும் அவள் நிமிர்ந்து நின்றதுபோல் இருந்தது.

சரி, ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பிழை என்னுடையது, அதில் மட்டும் எனக்குப் போட்டியில்லை.

3

கோர்ஸின் விதி எளிது. மூன்று அல்லது நான்கு பேர் ஒரு டீம். சேர்ந்து ஓர் அப்ளிகேஷன் செய்ய வேண்டும். கடைசியில் டீமில் எல்லோருக்கும் ஒரே மார்க். டீம் கிடைக்காதவர் பழைய தியரி பேப்பருக்கே திரும்ப வேண்டும். யார் யாரோடு என்று பிரிக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். மார்க், திறமை, ஆண் பெண் எல்லாவற்றையும் கலந்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பிரித்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த அழகு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் வகுப்பு முடிந்த மறுநிமிடம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். ஒரே டீமில் ஒருத்தனை நத்தம் பஸ் கொண்டுபோகும், இன்னொருத்தியை அய்யலூர் பஸ் கொண்டுபோகும், மூன்றாமவன் லேபில் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விடுவான். என் புரோகிராமுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பஸ் மட்டும் தெரியவில்லை. கடைசியில் பிள்ளைகளே டீம்களைக் கலைத்து, பஸ் வாரியாகச் சேர்ந்துகொண்டார்கள். சீட் கிடைத்தவர் மடியில் லேப்டாப். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து தப்புச் சொன்னார்கள். வேலை நடந்தது. அதை என் போதனா முறை என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டேன்.

பழனி பஸ்ஸில் போகிறவள் ஒருத்தி மட்டும்தான். பழனியையும் தாண்டி நெய்க்காரப்பட்டி. கௌசல்யா.

(ஆன்லைனில் சேர்ந்து செய்யலாமே என்பீர்கள். அவளிடம் லேப்டாப் இல்லை. கதைக்குள் ஒன்று வாங்கிக்கொடுக்கலாம்தான். கதாசிரியனுக்குச் செலவா என்ன? ஆனால் நாளைக் காலை அவள் லேபில் என் முகத்தைப் பார்ப்பாள்.)

4

"ஏனுங்க சார், ஒத்தை ஆளா ஒரு டீம் இருக்கக்கூடாதுங்களா?"

"கொறைஞ்சது மூணு பேரும்மா. தியரி உனக்கு ஈசிதானே? நல்ல மார்க் எடுப்பே."

"எடுப்பனுங்க. ரெண்டு வருசமா பேப்பர்லதான் புரோகிராம் எழுதறனுங்க. நீங்களும் சரின்னு டிக் போடறீங்க. அது ஓடுமா ஓடாதான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் எழுதுனது ஒண்ணாச்சும் ஓடறதப் பாக்கோணுங்க சார்."

இந்த இடத்தில் ஆசிரியர் ஞானமாக ஏதாவது சொல்ல வேண்டும். நான் சொன்னது: "ம்."

5

மற்ற டீம்கள் நிரம்பிவிட்டன. இடமிருந்தது நத்தம் பஸ் டீமில் மட்டும். அதில் மூன்று பேர்: முகேஷ்குமார், ரீனா, நூர் அகமது. மாந்தோப்பில் நாளைக்குக் காய் பறிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று தோப்புக்காரர்கள் பதிந்து வைக்கும் அப்ளிகேஷன் அவர்களுடையது. கௌசல்யா என்ன செய்தாள் தெரியுமா? தன் ஊருக்கு நேர் எதிர்த் திசையில் போகும் நத்தம் பஸ்ஸில் அவர்களோடு ஏறிவிட்டாள்.

மறுநாள் முகேஷ்குமார் என்னைத் தேடி வந்தான்.

"சார், அந்தப் புள்ள எங்களுக்கு வேணாம் சார்."

"ஏன்ப்பா?"

"ஏறுன செத்த நேரத்துல எங்க அப்ளிகேஷனக் காலி பண்ணிருச்சு. ஆள் எத்தனைங்குற எடத்துல மைனஸ் மூணுன்னு போடுது. அதுவும் 'பதிவாகிவிட்டது, நன்றி'ங்குது! மைனஸ் மூணு பேரு எப்படி சார் மரத்துல ஏறுவாய்ங்க?"

பின்னாலேயே வந்த ரீனா குறுக்கிட்டாள். "ஏலே, அது அவ தப்பா? நம்ம தப்புடா. பஸ்ஸே சிரிச்சுச்சு சார், அந்தக் கடுப்பு இவனுக்கு."

"நீ சும்மா இரு. சார், அவ எங்க பஸ்ல தெனம் வர முடியாது. நாங்க அவளுக்காக லேப்ல இருந்தா எங்க பஸ்ஸு போயிரும். அடுத்த பஸ்ஸுல போனா வீட்டுல அம்புட்டுப் பேச்சு விழும். மார்க்கு வேற நாலு பேருக்கும் ஒண்ணு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வில்லனாக்கலாம் என்று வைத்திருந்த பாத்திரம் நியாயம் பேசினால் எழுதுகிறவனுக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

அன்று மாலை நெய்க்காரப்பட்டியிலிருந்து போன். கௌசல்யாவின் அப்பா தங்கமுத்து, தென்னந்தோப்பு வைத்திருக்கிறார்.

"ஏனுங்க சார், பழனி வரவேண்டிய புள்ள நேத்து நத்தம் பஸ்ல ஏறுச்சாமுங்க. அது என்ன படிப்புங்க?"

"டீமா சேர்ந்து செய்யற படிப்புங்க."

"எம்பட புள்ளைக்கு டீம் கெடைச்சுதுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

செருமல் கேட்டது. "கெடைச்சா, லேப்ல இருந்து கொஞ்சம் லேட்டா வந்தாலும் பரவால்லைங்க. பழனி பஸ் ஸ்டாண்டுல நான் வந்து நின்னுக்கறேன். மறுக்கா நத்தம் பஸ் மட்டும் வேண்டாமுங்க."

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆசை.

அ) நான் விதியை மாற்றி, கௌசல்யாவை ஒற்றை ஆள் டீமாக அறிவிக்கிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (மறுநாளே வகுப்பு முழுக்க ஒற்றை ஆள் டீம். கோர்ஸுக்கு இரங்கல் கூட்டம்.)

ஆ) அவள் தியரிக்குத் திரும்பி முதல் மார்க் வாங்குகிறாள். அவள் எழுதிய எதுவும் ஓடவில்லை.

இ) எங்களுக்காகவே நத்தத்திலிருந்து நெய்க்காரப்பட்டிக்கு ஒரு புதிய பஸ்—

(போதும்.)

மேடம் என் முடிவுகள் எதையும் படிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காலேஜ் விடுறதுக்குள்ள ஏதாவது ஒரு டீம்ல அந்தப் பொண்ணு பேரு வரணும் சார். இல்லைன்னா தியரிதான்" என்றார்.

7

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் லேபில் நால்வரும் இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். சமரசம் பேச மூன்று பத்தி வசனம் தயாராக இருந்தது. கண்ணீர் வரும் இடம்கூடக் குறித்து வைத்திருந்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருக்கறீங்களா?" என்றாள் கௌசல்யா.

"நானா?"

"நீங்க இருந்தா இவங்க உங்களுக்காகச் சரிம்பாங்க. அப்பறம் என்ற மூஞ்சியவே பாக்க மாட்டாங்க. வேண்டாம்னா எனக்கு நேராச் சொல்லட்டுமுங்க. நானும் கேக்க வேண்டியத நேராக் கேட்டுக்கறேன்."

முகேஷ்குமார் முதல்முறையாக அவளோடு ஒத்துப்போனான். "ஆமா சார். இது டீம் விசயம்."

இப்படித்தான், வாசகரே, என் கதையிலிருந்து நான் வெளியேற்றப்பட்டேன். கதவைச் சாத்தியவன் நூர் அகமது. மரியாதையாகத்தான் சாத்தினான்.

வராந்தாவில் நிற்கிறேன். உள்ளே குரல்கள்.* முகேஷ்குமார் கத்துகிறான். கௌசல்யா கத்தவில்லை, நிறுத்தவும் இல்லை. ஏதோ ஒரு பிழையைப் பற்றிப் பேச்சு. கீபோர்டு தட்டும் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள், யாரென்று—

* ஒட்டுக்கேட்கும் உரிமை கதாசிரியனுக்கு உண்டு, உதவிப் பேராசிரியருக்கு இல்லை. நான் இரண்டும் என்பதால் ஒரு காதை மட்டும் கதவில் வைத்தேன்.

கல்லூரி வாசலில் நத்தம் பஸ் வந்து நிற்கிறது. டிரைவருக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியும். ஹாரன் அடிக்கிறார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, நீளமாக. லேப் கதவைப் பார்க்கிறேன். அது திறக்கவில்லை. மூன்று பேரையும் விட்டுவிட்டு பஸ் கிளம்பிப் போகிறது.

என் போன் அடிக்கிறது. மேடம்.

"என்ன சார், அந்தப் பொண்ணுக்கு டீம் கெடைச்சுதா இல்லையா?"

"உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க மேடம்."

"காலேஜ் விட்டாச்சு சார். எனக்குப் பதில் வேணும்."

"நத்தம் பஸ்ஸு போயிருச்சு மேடம்."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க? அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். மேடம் லைனில்தான் இருக்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள்.