மச்சான் ஜன்னலுக்கு எதிரே இரண்டு பனைகள்

மச்சானின் ஜன்னலுக்கு எதிரே நின்ற இரண்டு பனைகள் மட்டும்தான் கருகின. மற்ற இரண்டும் மஞ்சள் தண்டும் பச்சை ஓலையுமாக மதிலை மறைத்துக்கொண்டு செழித்து நின்றன. தொட்டிக்காரருக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

தொட்டிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டியும் வண்ண மீனும் விற்பவர். மச்சான் அவர் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரன். வேலை மாறி வந்தவன், வேறு வீடு கிடைக்கும்வரை என்று பின்னறையில் இறங்கினான். வீடு இன்னும் கிடைத்தபாடில்லை.

பகை நர்சரியிலேயே தொடங்கிவிட்டது. பக்கத்து மாடிக்காரர்கள் பால்கனியில் நின்றால் இவர்கள் அடுப்படி வரை தெரிந்தது. அதை மறைக்கத்தான் பனை வாங்கப் போனார்கள். விசிறிபோல விரிவது, மீன்வால்போல ஓலை கிழிந்தது, அடியிலிருந்தே கொத்தாகக் கிளைக்கும் அரிக்கா பனை என்று நர்சரிக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். தொட்டிக்காரர் அரிக்காவைக் கைகாட்டியபோது மச்சான் சும்மா இருந்திருக்கலாம்.

"அதை வச்சா என் ரூமுக்குக் காத்தே வராது மாமா. ஒத்தைத் தண்டா எதாவது பாருங்க."

"உன் ரூமா?" என்றார் தொட்டிக்காரர்.

அதோடு ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அரிக்காதான் வந்தது. கடையில் தொட்டி மாற்றும் தண்ணீரைத் தொட்டிக்காரர் மாலையில் கேனில் கொண்டுவந்து ஊற்றினார். மீன் கழிவு கலந்த தண்ணீர், வேறு உரமே வேண்டாம். பனைகள் மளமளவென்று எழுந்தன. கூரைச் சரிவுக்குக் கீழே மாட்டிக்கொண்ட இரண்டு மட்டும் சோனியாக இருந்ததால், கேனில் பெரும்பங்கு அவற்றுக்கே போனது. அந்தச் செல்லப்பிள்ளைகள்தான் இப்போது நுனி கருகி, கருகல் உள்நோக்கிப் பரவி, தீயில் வாட்டியதுபோல நின்றன.

ஏற்கெனவே கடையில் நிம்மதி இல்லை. மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து, நோய்த் தொட்டியைத் தனியாக வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளும் ஒரு நோய் வந்து உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

கவனிக்க ஆரம்பித்தார். மாலையில் அவர் ஊற்றிய ஈரம் காய்ந்திருக்க வேண்டிய மண், காலையில் சொதசொதவென்று கிடந்தது. வேலைக்குக் கிளம்பும் மச்சானின் பேன்ட் நுனி நனைந்திருந்தது. கேன்டீன் அடுப்படியில் என்னதான் இல்லை? கொதித்த எண்ணெய், பாத்திரம் கழுவும் சோடா. எதையாவது தூக்கில் கொண்டுவந்து ஊற்றினால் யாருக்குத் தெரியும்?

"உன் தம்பி பனைக்கு எதையோ ஊத்துறான்" என்றார் மனைவியிடம்.

"உட்கார்ந்து சாப்பிடவே அவனுக்கு நேரமில்ல. இதுல மரத்துக்கு வேற ஊத்துறானா?"

"காத்து வேணும்ல அவனுக்கு. கேட்டப்ப கிடைக்கல, இப்ப வழி பண்ணிக்கிறான்."

"இனி உங்க கடையில மீன் செத்தாக்கூட என் தம்பி முறைச்சுப் பார்த்ததாலதான்னு சொல்வீங்க."

"ஞாயித்துக்கிழமை அவன் பெட்டியைக் கட்டிடணும். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

 அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருந்தது அவன் ஒருவன்தான். கொடியில் காய்ந்த அவன் சட்டைகளை எடுத்து வந்து, வழக்கத்தைவிட மெதுவாக மடித்தாள்.

மறுநாள் விடியும்போதே தொட்டிக்காரர் ஸ்கூட்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். கொல்லைக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. மச்சான் ஒரு வாளியோடு வந்தான். இடது வலது பார்த்தான். கருகிய பனையின் தூரில் வாளியைச் சாய்த்தான். திரும்பிப் போய் அடுத்த வாளியோடு வந்தான்.

தொட்டிக்காரர் பாய்ந்து வாளியைப் பிடித்தார். மோந்து பார்த்தார். வாசனை இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"வெறும் தண்ணிதான் மாமா" என்றான் மச்சான். "குடிக்கணும்னா உள்ள டம்ளர் இருக்கு."

"நடிக்காத. என்னத்தைக் கலந்த?"

"கலந்தது நீங்க. நான் கழுவி விடுறேன்." அவன் குனிந்து, தூரில் ஈரம் படாத மூலையிலிருந்து வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கிள்ளி நீட்டினான். "இதை நாக்குல வைங்க."

வைத்தார். உப்புக் கரித்தது.

நோய்த் தொட்டி அவர் கண்முன்னால் வந்தது. வெள்ளைப்புள்ளிக்குக் கைகையாகக் கல்லுப்பு போட்டது அவர்தான். அந்தத் தொட்டியின் தண்ணீரையும் பழக்க தோஷத்தில் கேனில் பிடித்து வந்ததும் அவர்தான். மீனுக்கு மருந்து என்று போட்டது பனைக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வெள்ளையா எதைப் பார்த்தாலும் வாயில வச்சுப் பார்க்கிறது எங்க தொழில் புத்தி."

"அப்பவே என்கிட்ட சொல்லித் தொலையுறதுக்கு என்ன?"

"நர்சரியில வாயைத் திறந்ததுக்கே ஒரு வாரம் முறைச்சீங்க. உங்க தண்ணிதான் கொல்லுதுன்னு சொன்னா விட்டு வைப்பீங்களா?"

தொட்டிக்காரருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "இது ரெண்டும் செத்தா உனக்குக் காத்து வருமே. எதுக்குக் காப்பாத்துற?"

"காத்து வரும். அக்கா சமைக்கிறதையும் மாடிக்காரன் பார்ப்பான்."

தொட்டிக்காரர் பனையின் நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். அழுகியிருந்தால் கையோடு வந்துவிடும். வரவில்லை. அவர் வாளியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

கொல்லை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் மடித்த சட்டைகள்.

"கையும் களவுமா பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

"அப்போ பெட்டி கட்டவா?"

"அவனை அனுப்ப முடியாது" என்றார் தொட்டிக்காரர், குழாயைத் திறந்தபடி. "அவன் ரூம் பனையில நான் கொட்டின உப்பைக் கழுவ அவன்தான் வேணும்."

அவள் ஒரு கணம் அவரையும், வாளியையும், நனைந்த பேன்ட்டோடு நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டைகளைப் பின்னறைக்கே எடுத்துக்கொண்டு போனாள்.