இந்த வாரம் குரைக்கப்பட்டவர்கள்

நாய்கள் போன மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்தில், மருந்துக்கடை முக்கில் வக்கீலின் குரைப்பு மட்டும் திரும்பி வந்தது. நாய் வரவில்லை. படிக்கட்டில் அது வழக்கமாகப் படுக்கும் இடம் காலியாகத்தான் இருந்தது. அந்தக் காலியிடத்திலிருந்து, முழங்கால் உயரத்தில், நகராட்சித் தலைவரைப் பார்த்துக் குரைப்பு எழுந்தது. தலைவலி மாத்திரை வாங்க வந்த தலைவர் குனிந்து பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், மாத்திரை வாங்காமலே நடையைக் கட்டினார். அவர் தெருமுனை திரும்பும்வரை குரைப்பு ஓயவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகளையும் பால்காரரையும் அது சட்டை செய்யவே இல்லை.

வக்கீல் என்பது அந்த நாய்க்கு உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர் வைத்த பெயர். போகிற வருகிற எல்லோரிடமும் வாதத்துக்கு நிற்கும் என்பதால் அப்படி. கட்டடம் கட்டும் இடமெல்லாம் போய் மேற்பார்வை பார்த்த நாய்க்கு மேஸ்திரி என்றும், தபால்காரருக்கு முன்னால் ஓடி வீடுவீடாக நின்ற நாய்க்குத் தபால் என்றும் பெயர் வைத்தவரும் அவரே. ஊர் அந்த அம்மாவைப் பேப்பரக்கா என்று கூப்பிட்டது. நான்காம் பக்கத்தில் வாராவாரம் அவர் எழுதிய பத்தியில் அடைத்த சாக்கடை, வெட்டிய மரம், தபால் நிலைய மின்விசிறியின் கிண்ணத்தில் கூடு கட்டிய குருவி, விளக்கு எரியாத சந்து எல்லாம் வரும்; கடைசி வரிகள் எப்போதும் நாய்களுக்கு. முதல் பக்கத்தைச் சீண்டாதவர்கள்கூட வக்கீலின் காதுப்புண் ஆறிவிட்டதா என்று பார்க்க நான்காம் பக்கத்தைத் திருப்புவார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் போன் செய்தால், அம்மா அப்பாவை விசாரித்த கையோடு மேஸ்திரியையும் விசாரிப்பார்கள். ஊரே நாய்களிடம் உயிராக இருக்கிறது என்று பேப்பரக்கா நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு அதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கால்வாயோர நாணலை வெட்டி, கரையைச் சிமென்டால் மூடி, வெளியூர்க்காரர்கள் உலாவ நடைபாதை போட்ட வருடம் அது. நாணலை விட்டுவையுங்கள் என்று பேப்பரக்கா எழுதிப் பார்த்தார். நாணல் போயிற்று, கூடவே மீன்கொத்திகளும் போயின. அடுத்தது நாய்களின் முறை. நடைபாதையைத் திறந்துவைக்க வரும் பெரிய மனிதர்களின் காலைச் சுற்றி நாய்கள் திரிந்தால் நன்றாகவா இருக்கும் என்று நகராட்சி கேட்டது. பிடிக்க வந்த ஆட்கள் வலையோடு தெருத்தெருவாக அலைந்து, ஒரு வால்கூடக் கையில் சிக்காமல் திரும்பினார்கள். அப்போதுதான் கால்நடை மருத்துவர் பேப்பரக்காவின் வீட்டுக்கு வந்தார். அவர் அந்த வீட்டுக்குப் புதியவர் இல்லை. கேட்காமலே சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுக்கிற அளவுக்குப் பழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் காப்பகம் கட்டியாயிற்று, நிழல் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, நானே அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். படத்தில் மரங்கள் பச்சை மையில் இருந்தன. பேப்பரக்காவின் கணவரும் அதே மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பொறியாளர், அதிகம் பேசாத மனிதர். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

பேப்பரக்கா தலைகால் புரியாத மகிழ்ச்சியில் எழுதினார். காப்பகத்தில் வக்கீல் எந்த மரத்தடியைப் பிடித்துக்கொள்ளும், தபாலுக்கு ஓட எவ்வளவு இடம் கிடைக்கும் என்றெல்லாம் பத்தியில் வந்தது; படித்தவர்கள் கண் கலங்கினார்கள். குறித்த நாள் காலையில் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு அவரே தெருத்தெருவாக நடந்தார். வலைக்கு அகப்படாத நாய்கள் எல்லாம் அவர் பின்னால் நல்ல பிள்ளைகளாக வந்தன. பேருந்து நிலையத்தில் வேன்கள் நின்றன. உள்ளே இருட்டாக இருந்ததால் வக்கீல் தயங்கி நின்று கொஞ்சம் வாதாடியது. பேப்பரக்கா முதலில் தானே ஏறி, வேனின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். பிறகு என்ன, ஒன்றன்பின் ஒன்றாகத் தாவி ஏறின. அவர் இறங்கினார், கதவைச் சாத்தினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போய்வர ஒரு பகல் பிடிக்கும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேன்கள் திரும்பி, கழுவப்பட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த பழைய கல்குவாரிக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும்.

மறுநாள் வக்கீலின் குரல் கேட்டதும், தப்பித்து ஓடி வந்துவிட்டதாக்கும் என்று செல்லக் கோபத்தோடு பேப்பரக்கா மருந்துக்கடைக்கு ஓடினார். வெறும் படிக்கட்டைப் பார்த்ததும் அடுத்த பேருந்தைப் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் போனார். சாலையோரத்தில் ஒரு இரும்புக் கதவு தனியாக நின்றது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, வேலி கிடையாது. கதவின்மேல் சிரிக்கிற நாய்ப் படம் போட்ட பலகை. கதவுக்குப் பூட்டு வேறு. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் வெறும் பொட்டல். பேப்பரக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தன்னை ஏமாற்றியதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தன்னை வைத்தே நாய்களையும் ஏமாற்றிவிட்டார்களே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த வாரத்துக்குள் மற்ற குரைப்புகளும் அதது இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. எவனோ ஒலிபெருக்கியை ஒளித்துவைத்து விளையாடுகிறான் என்று சாக்கடை மூடிகளைத் திறந்து பார்த்தார்கள், மின்கம்பத்தில் ஆள் ஏற்றிப் பார்த்தார்கள். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது: காப்பகம் பொய் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களைப் பார்த்து மட்டுமே அவை குரைத்தன. வேன் ஓட்டுநர்களைக் குரைத்ததில் ஆச்சரியமில்லை. கால்நடை மருத்துவர் ஒரு வீட்டில் மாடு பார்க்கப் போனபோது தபாலின் குரைப்பு தொழுவம்வரை கூடவே போயிற்று; மாடு மிரண்டு அவரை உதைத்தது; அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனார். ஆனால் வருடக்கணக்காக மிச்ச ரொட்டியை நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரரையும் குரைத்தபோது ஊர் வாயடைத்துப்போயிற்று. நடைபாதையில் அவருக்கு ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். மெல்ல மெல்லப் பாதி ஊருக்கு முன்பே தெரியும் என்பது தெரியவந்தது.

பேப்பரக்கா இரக்கம் பார்க்கவில்லை. பழைய பத்தியை நிறுத்திவிட்டு, ‘இந்த வாரம் குரைக்கப்பட்டவர்கள்’ என்ற தலைப்பில் பதவி, தொழில், குரைப்பு கேட்ட இடம் ஆகியவற்றோடு எழுதத் தொடங்கினார். பத்திரிகை ஆசிரியரும் அதில் வந்தார். தன்னைப் பற்றிய பகுதிக்கு அவரே பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பினார், ஏனென்றால் பத்திரிகை அதற்குமுன் அப்படி விற்றதில்லை. குரைப்பு இல்லாத தெருக்களில் வாடகை ஏறியது. கல்லாவுக்கு ஆள் தேடிய முதலாளிகள், வந்தவரை மருந்துக்கடை முக்குவரை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பேப்பரக்கா எதிரே வந்தால் பலர் செருப்பை மறந்துவிட்டதைப் போலத் திரும்பி நடந்தார்கள். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. வெளியே எத்தனை பேர் முகத்தைத் திருப்பினாலும் வீட்டுக்குப் போனால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தைரியம் அவருக்கு.

அவர்கள் தெரு மேஸ்திரியின் தெரு. குரைப்புகள் திரும்பி வந்த வாரத்திலிருந்து கணவர் பின்சந்து வழியாக வந்து, பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். குறுக்குவழி, உடம்புக்கும் நல்லது என்றார். ஊரையே மோப்பம் பிடித்த பேப்பரக்காவுக்குச் சொந்த வீட்டில் மூக்கு வேலை செய்யவில்லை. ஒருநாள் குதித்ததில் கணுக்கால் பிசகியது. மறுநாள் மாலை அலுவலக வண்டியில் கொண்டுவந்து முன்வாசலில் இறக்கிவிட்டார்கள். வண்டி நகர்ந்ததும் மேஸ்திரியின் குரைப்பு தொடங்கியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் மரியாதையாக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

“கேட்டைத் திறம்மா, கால் வலிக்குது” என்றார்.

“உங்களைப் பார்த்துத்தான் குரைக்குதா?”

அவரே திறந்துகொண்டு, நொண்டி வந்து படியில் உட்கார்ந்தார். “காப்பகம்னா தண்ணி வேணும்ல. தண்ணி லைன் கேட்டு எங்க பிரிவுக்கு யாருமே வரல. அந்தப் படத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் வாயைத் திறக்கல?”

“நீ அவ்வளவு சந்தோஷமா எழுதிட்டிருந்தே. சொன்னா வீட்ல சண்டை வரும்னு விட்டுட்டேன்.”

“வந்திருக்கட்டுமே. சண்டை வந்திருந்தா இன்னிக்கு அதுங்க உயிரோட இருக்கும்.”

அந்த வாரப் பத்தியில் ஒரே ஒருவர்தான் இருந்தார்: குடிநீர்ப் பிரிவு பொறியாளர், என் கணவர், எங்கள் வீட்டு வாசல். அதற்குப் பிறகு பேப்பரக்கா பத்தியே எழுதவில்லை. வீட்டைவிட்டுப் போகவுமில்லை; உப்பு எடுங்கள், கதவைச் சாத்துங்கள் என்பதற்குமேல் அவரோடு பேசவுமில்லை. கணவர் இப்போதெல்லாம் முன்வாசல் வழியாகவே வருகிறார். குரைப்பு எழும்போது “ஆமாப்பா, ஆமா” என்று சொல்லிக்கொண்டே கேட்டைச் சாத்துகிறார். ஊருக்கும் பழகிவிட்டது. தலைவர் குரைப்புக்குமேல் குரலை உயர்த்தி வணக்கம் சொல்லப் பழகி, அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்.

பத்தியை நிறுத்திய பிறகுதான் பேப்பரக்கா ஒரு காலையில், வழக்கமாக ஓட்டிப்போகும் ஸ்கூட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாய்களை அழைத்துப்போன அதே வழியில் நடந்தார். அவை தன்னையும் குரைக்க வேண்டும் என்று விரும்பினார்; வேனில் உட்கார்ந்து காட்டியவர் அவர்தானே. மருந்துக்கடை முக்கில் நின்று காத்திருந்தார். குரைப்பு வரவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் படிக்கட்டில் தப், தப் என்று ஒரு சத்தம் கேட்டது, படியில் கிடந்த தூசி இடமும் வலமும் பறந்தது. வால். அவர் நடந்தபோது பின்னால் நகங்கள் சாலையில் உரசும் ஒலி தொடர்ந்தது. ஒவ்வொரு முக்கிலும் அது கூடியது. பேருந்து நிலையத்துக்கு வந்ததும் திரும்பி நின்று, “என்னையும் குரைங்கடா, ஒரு தடவையாவது குரைங்கடா” என்று கெஞ்சினார். அவை உட்கார்ந்து இன்னும் வேகமாக வாலை ஆட்டின. அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் அந்த வழியில் நடக்கிறார். காலடிச் சத்தம் முழுவதும் சாலையைக் கடக்கும்வரை போக்குவரத்துக் காவலர் வண்டிகளை நிறுத்திவைக்கிறார், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வேன் நின்ற இடம் வந்ததும் பேப்பரக்கா சட்டென்று திரும்பி, அவற்றை அதது முக்குக்கே கூட்டிப்போய் விடுகிறார். எங்கே கூப்பிட்டாலும் அவை அவர் பின்னால் வருகின்றன.