முதல் பன்னிரண்டில் இல்லாத நாடு

கிருபாசங்கருக்குச் சோறு போட்டது கால்பந்து. விளையாடியதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில்கூடப் பந்துக்குக் குறுக்கே போகாதவன். பார்த்தது மட்டும்தான். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆவாரம்பாளையத்தில் கோவிந்தராஜுலுவின் பம்ப் கம்பெனியில் இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தான். சோதனைத் தொட்டிகளில் மோட்டார்கள் இரைந்துகொண்டிருக்க, அவன் போனில் இங்கிலாந்து ஆட்டத்தையும் ஸ்பெயின் ஆட்டத்தையும் பார்த்தே வருடங்களை ஓட்டினான்.

மலாவி நாட்டிலிருந்து லிம்பானி ஃபிரி வந்த அன்றைக்குத்தான் அவன் பிழைப்பு திரும்பியது. ஃபிரி பிளாண்டயர் நகரத்தில் போர்வெல் பம்ப் வியாபாரி. கனத்த உடம்பு, மெல்லிய குரல். முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. லேத் பட்டறையிலிருந்து மேலே வந்தவர், 'குட் குவாலிட்டி'யோடு நின்றுவிடுவார். ஏற்றுமதி பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்த நேரம். வந்தவர் சட்டையில் ஒரு கால்பந்து அணியின் சின்னம் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஷிப்டு முடிந்து வெளியே போய்க்கொண்டிருந்த கிருபாசங்கர் நின்று பேச்சுக் கொடுத்தான். அது ஷீரே ஸ்டார்ஸ். ஃபிரி அந்த கிளப்பின் துணைத்தலைவர். இருவரும் கேட்டருகிலேயே நின்று பேசிச் சிரித்ததை முதலாளி மாடியிலிருந்து பார்த்தார். அடுத்த மாதமே கிருபாசங்கருக்கு ஏற்றுமதிப் பிரிவில் பகல் நாற்காலி கிடைத்தது.

"அந்தாளு நம்ம பம்புக்கு நிக்கலீப்பா, உன்ற பேச்சுக்கு நிக்கறாரு," என்றார் கோவிந்தராஜுலு. "அவரு மொகஞ்சுளிச்சார்னு வெய்யி, நீயி மறுக்காத் தொட்டிக்கே போயிர வேண்டீதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிருபாசங்கர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பகலில் விழித்திருப்பது என்றால் என்னவென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. அதை இன்னொரு தடவை இழக்க அவன் தயாராக இல்லை.

இந்த வருடம் ஃபிரி மறுபடி வருவதாக எழுதினார். கடைசியில் ஒரு வரி: லீக் முடிந்துவிட்டது, நாங்கள் இரண்டாம் இடம்.

கோவிந்தராஜுலுவிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் கேட்டில் ஃப்ளெக்ஸ் வைப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தொழிலாளிகள் எல்லோரையும் கூட்டிப் பொன்னாடை போர்த்துவார். வெறுமனே வரவேற்பதில் அவருக்குத் திருப்தியில்லை. நேபாளத்துக்காரருக்கு அறுபதாம் கல்யாண வாழ்த்து, கென்யாக்காரருக்கு மகள் டாக்டரானதற்கு வாழ்த்து.

"இவருக்கு என்னத்தப் போடலாம்? என்னமோ ஒண்ணு சாதிச்சிருக்கோணுமல்ல?"

"ஆப்பிரிக்கா சாம்பியன்ஸ் லீக்குக்கு அவரு டீமு செலக்ட் ஆயிருக்குதுங்க," என்றான் கிருபாசங்கர்.

"அட, சொல்லவே இல்லியே. அவரே சொன்னாரா?"

"ரெண்டாவது வந்தாலே போயிருவாங்க."

அவ்வளவு உறுதியாகத்தான் சொன்னான். இங்கிலாந்தில் நாலு அணி போகும், ஸ்பெயினில் நாலு போகும். இரண்டாவது வந்தவனுக்கு என்ன சந்தேகம்? போனை எடுத்து ஒரு நிமிஷம் தேடியிருந்தால் போதும். தெரிந்த விஷயத்தை யாராவது தேடுவார்களா?

கணபதி பகுதியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் ரிஃபத், கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே கேட்டான். "ஏனுங்க, ரெண்டாவது வந்ததுக்கா ஃப்ளெக்ஸு? அப்ப மொதல்ல வந்தவனுக்கு என்னங்க வெப்பாங்க, செலையா?"

"உனக்கு ஃபுட்பால் தெரியாது. சொன்னத அடி."

"செரிங்க. பொறவால சிங்கம் ஒண்ணு போட்டுரட்டுமா? ஆப்பிரிக்கா பாருங்க."

"சிங்கமெல்லாம் வேண்டாம்."

சிங்கத்தோடுதான் ஃப்ளெக்ஸ் வந்தது. தமிழில் 'வருக வருக', கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்ற ஷீரே ஸ்டார்ஸ் துணைத்தலைவருக்கு வாழ்த்துகள் என்று. ஃபிரி ஒரு பக்கம் சிரித்தார், கோவிந்தராஜுலு மறுபக்கம் கும்பிட்டார், நடுவில் சிங்கம்.

காரிலிருந்து இறங்கிய ஃபிரி அதன் கீழே நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் சார்."

ஃபிரி தலையாட்டினார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று கிருபாசங்கர் நினைத்தான்.

மதியம் அசெம்பிளி ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். முன்வரிசையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண்கள். கோவிந்தராஜுலு பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, போர்த்துவதற்கு முன் சட்டென்று நிறுத்தினார்.

"ஏப்பா கிருபா, இந்தப் போட்டிக்கு எப்படி டீம எடுக்கறாங்கன்னு அவரக் கேளு. நம்மாளுகளும் தெரிஞ்சுக்கட்டும். கிரிக்கெட்ட உட்டா இவிங்களுக்கு வேற எழவும் தெரியாது."

"சிங்கம் எதுக்குன்னும் கேளுங்க," என்றாள் முன்வரிசையில் பங்காரம்மா. ஷெட்டே சிரித்தது.

கிருபாசங்கர் முதல் கேள்வியை மட்டும் கேட்டான். ஃபிரியின் முகம் லேசாகத் தெளிந்தது. இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து, நிதானமாக ஆரம்பித்தார்.

"நல்லது, இதை நானே சொல்லவேண்டும் என்றிருந்தேன். ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு, எங்கள் நாடுகளின் கிளப்புகள் ஐந்து வருடமாக எப்படி ஆடின என்று பார்த்து நாடுகளை வரிசைப்படுத்தும். முதல் பன்னிரண்டு நாடுகளுக்கு சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டிரண்டு இடம். எகிப்து, மொராக்கோ மாதிரி. மற்ற நாடுகளுக்கு ஒரே இடம். மலாவி அந்தப் பன்னிரண்டில் இல்லை. எங்கள் லீக்கில் முதலாவது வருபவர் மட்டும்தான் போகமுடியும்."

கொஞ்சம் நிறுத்தினார். கிருபாசங்கர் மொழிபெயர்க்க இடம் விட்டார். அவன் மொழிபெயர்க்கவில்லை. முழுவதும் சொல்லட்டும் என்று கையைக் காட்டினான்.

"இரண்டாவது போட்டி ஒன்று இருக்கிறது, கான்ஃபெடரேஷன் கோப்பை. அதற்கு எங்கள் நாட்டு நாக்-அவுட் கோப்பையை வென்றவர் போவார். நாங்கள் அதில் அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். ஆகவே இந்த வருடம் நாங்கள் எதற்கும் போகவில்லை. என் நண்பர்கள் அன்பினால் அந்தப் பலகையை வைத்திருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் அந்த மரியாதை வேறொரு கிளப்புக்குச் சேரவேண்டியது."

யாரையும் நோகடிக்காமல் சொல்லி முடித்துவிட்டு, கிருபாசங்கரைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார் என்பதுபோல.

ஷெட்டில் அத்தனை முகங்களும் இவன் வாயைப் பார்த்தன. முதலாளி பொன்னாடையோடு காத்திருந்தார். கிருபாசங்கரின் காதுமடல் சுட்டது. ஒரே ஒரு வாக்கியம். 'நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க.' ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், அத்தோடு முடியும். முடியாது. கால்பந்து தெரியும் என்பதைத் தவிர அவனிடம் அங்கே வேறு முதல் எதுவும் இல்லை.

"ஆப்பிரிக்காவுல நாட்டையெல்லாம் வரிசை போட்டு வெச்சிருக்காங்களாமுங்க," என்றான். "நல்லா ஆடற டீமு எதுன்னு அஞ்சு வருசமாப் பாத்து எடுப்பாங்களாமா. அப்படி எடுத்ததுல அவரு டீமும் ஒண்ணு. உங்க அன்புக்கு ரொம்ப நன்றிங்கறாருங்க."

கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. விசில் பறந்தது. கோவிந்தராஜுலு பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். ஃபிரி கைதட்டுகிறவர்களைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார், பிறகு கிருபாசங்கரைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

"நீ அவர்களிடம் என்ன சொன்னாய்?" என்றார் தாழ்ந்த குரலில்.

"நீங்கள் சொன்னதைத்தான் சார்."

இதற்குள் ஆபீஸ் சசிதர் போட்டோ எடுத்துவிட்டான். கேட்டுக்குக் கூட்டிப்போய் ஃப்ளெக்ஸுக்குக் கீழே பொன்னாடையோடு நிற்கவைத்தும் ஒன்று எடுத்தான். ஃபிரி அவன் சொன்ன இடத்தில் நின்றார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சசிதர் பக்கத்தில் வந்தான். "ஏப்பா, அந்தாளு 'ஒன்லி ஒன்'னு என்னமோ சொன்னாப்ல இருந்துதே. அது எங்க போச்சு?"

"அது மத்த நாட்டுக்கு."

"அது செரி. நாம்பெல்லாம் பி.காம். இங்கிலீசு, நமக்கெங்க வெளங்கப் போகுது." சிரித்துவிட்டுக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தை ஏற்றப் போனான். அது அவனுடைய வேலை. வேண்டாம் என்று சொல்லக் கிருபாசங்கரிடம் காரணம் எதுவும் இல்லை. என்னவென்று சொல்வான்?

மறுநாள் காலையில் ஃபிரி தனியாக வந்தார். மாதிரிப் பம்புகள் வைத்திருந்த அறைக்குள் கிருபாசங்கரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். போனை நீட்டினார். அதே படம். ஃப்ளெக்ஸ், பொன்னாடை, சிங்கம். அதன் அடியில் கமென்ட் போடப் பிளாண்டயர் நகரமே கூடியிருந்தது. 'நமக்கு ஒரு இடம்தான், இவருக்கு இந்தியாவில் இன்னொரு இடம் கொடுத்திருக்கிறார்கள்' என்று ஒருவர். 'மைதானத்தில் வாங்க முடியாததைத் துணிக்கடையில் வாங்கிவிட்டார்' என்று இன்னொருவர். சிங்கத்தின் தலைக்குப் பதிலாக ஃபிரியின் தலையை யாரோ ஒட்டியிருந்தார்கள்.

"கடைசி ஆட்டத்தை ஜெயித்திருந்தால் நாங்கள் சாம்பியன்," என்றார் ஃபிரி. "டிரா செய்தோம். எங்கள் பயிற்சியாளரைக் கொண்டுவந்தது நான். மறுநாள் என் கடை முன்னால் வந்து நின்று கத்தினார்கள். என் மனைவி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாள் வெளியே இருக்கலாமே என்றுதான் இங்கே வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கிருபாசங்கருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கு உங்கள் விதி தெரியாது சார். ஐரோப்பா மாதிரி என்று நினைத்துவிட்டேன்."

"அது தெரிகிறது. அது ஒன்றுமில்லை." ஃபிரி போனைச் சட்டைப்பையில் போட்டார். "நேற்று நான் விளக்கிச் சொன்னேன். அப்போது தெரிந்ததல்லவா?"

கிருபாசங்கர் தரையைப் பார்த்தான்.

"உன் முதலாளியிடம் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பார்," என்றார் ஃபிரி. "நான்தான் உன்னிடம் தப்பாகச் சொன்னேன் என்று சொல்லிவிடு."

"சார், அது..."

"நான் பம்ப் வாங்க வந்தவன். ஒருத்தன் வேலையைப் பிடுங்க வரவில்லை. ஊரில் எனக்கு இருக்கும் பேரோடு இதுவும் ஒன்று. நட."

மறுக்க நேரமிருந்தது. மாடிப்படி ஏறும்போது இருந்தது, முதலாளி அறைக்கதவைத் தட்டும்போதும் இருந்தது. ஃபிரி முன்னால் போனார், அவன் பின்னால் போனான். எதிரில் வந்த சசிதர் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டான்.

கோவிந்தராஜுலு எழுந்து நின்று வரவேற்றார். ஃபிரி உட்காரவில்லை. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம் பேசினார். அணி தகுதி பெறவில்லை, தகவலைத் தப்பாகச் சொன்னது தான்தான், படத்தையும் பலகையையும் எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும்.

கிருபாசங்கர் இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அவரு டீமு செலக்ட் ஆகலீங்களாமா. அவருதான் என்றகிட்டத் தப்பாச் சொல்லிப்போட்டாராமுங்க. போட்டோவையும் ஃப்ளெக்ஸையும் எடுத்துரச் சொல்றாருங்க."

முதலாளி ஃபிரியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நேற்றுவரை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"அதுக்கென்னங்க. மனுசன்னா ஆசைல ரெண்டு வார்த்த சேத்திப் பேசறதுதான். நம்மூர்லயும் பேசறானுக." கிருபாசங்கர் பக்கம் திரும்பினார். "ஆனாக் கண்ணு, இனி இவரு எது சொன்னாலும் நீயி ஒருக்கா வெசாரிச்சுப்போட்டு என்றகிட்டச் சொல்லு. உன்னையாட்டம் வெவரம் தெரிஞ்சவன் பாத்தாத்தான் ஆகும். இத அவருகிட்டச் சொல்லீராத."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஃபிரி.

"பரவாயில்லை என்கிறார், சார்."

"நன்றி சொல். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சொல்."

கிருபாசங்கர் வாயைத் திறந்தான். "ரொம்ப வெக்கமா இருக்குதுங்கறாருங்க," என்றான். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்திருந்தான்.

"அட, உடச் சொல்லு. உக்காருங்க, உக்காருங்க," என்று கோவிந்தராஜுலு நாற்காலியைக் காட்டி, டீக்குச் சொல்லியனுப்பினார். சசிதரை உள்ளே கூப்பிட்டுப் படத்தை எடுக்கச் சொன்னார். "இனிமே கிருபாவக் கேக்காம ஒண்ணும் போடாத," என்றார். சசிதர் கிருபாசங்கரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரிங்க என்று போனான்.

டீ வந்தது. ஃபிரி ஒரு வாய் குடித்துவிட்டு, தன் சரக்கு எப்போது தூத்துக்குடிக்குப் போகும் என்று கேட்டார். கிருபாசங்கர் அதையும் மொழிபெயர்த்தான்.