மாப்பிள்ளை அனுப்பிய நாவல்கள்

கதவில் ஏதோ மோதிய சத்தத்தில் பர்வதத்தின் கையிலிருந்த கரண்டி நழுவி ரசத்துக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தால், கூடத்தில் தடிமனான நாவல் ஒன்று குப்புறக் கிடந்தது. எறிந்தவள் மகள் ஸ்ரீலேகா. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வெங்கடகிருஷ்ணன், தான் ரசித்துப் படித்தவை என்று மூன்று நாவல்களைப் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தான்.

"ஒனக்கென்ன பிராந்தாடி, பைத்தியமாட்டம் எறியறே? ஆசையா அனுப்பிச்சிருக்கார்."

"கொமட்டிண்டு வரதும்மா. மூணுலயும் ஹீரோயின் எதுத்துப் பேசினா ஹீரோ அறையறான். ஒருத்தன் தோட்டத்து பங்களால பூட்டி வேற வெக்கறான். அவளோ கன்னத்தைத் தடவிண்டே அவனைக் காதலிக்கறா. எனக்கு இந்த நிச்சயம் வேண்டாம்."

பர்வதம் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கல்பாத்தி அக்ரஹாரம் முழுக்க நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

"கதைதானேடி? எழுதினவனைத் திட்டு. அதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணுவார்?"

ஸ்ரீலேகா நாவலைப் பொறுக்கியெடுத்து, பிரித்து, அம்மாவின் முன்னே நீட்டினாள். முகச்சுளிப்பு இன்னும் மாறவில்லை.

"எழுதினவனைத் திட்டி முடிச்சாச்சும்மா. மூணுலயும் அறையற எடமா பார்த்துக் கோடு போட்டு, பக்கத்துல 'சபாஷ்'னு எழுதியிருக்கறது உன் மாப்பிள்ளை."